ரோசி தின்னாத கேக்குகள்

1

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குள் வந்து மேலங்கியைக் கழற்றவும் இல்லை, தொலைபேசி அடித்தது. வதனி என்ற பிள்ளை. புளியங்கூடலில் இருந்து கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தவள். ஒரு சடங்கு வீட்டில் ஒரே ஒரு தரம் கண்டு கதைத்திருக்கிறேன். அவளுடைய மூன்று வயது மகன் விசுக்கோத்தைத் தவிர வேறு எதையும் தொடுகிறான் இல்லையாம்.

"அக்கா, உங்கடை மகளும் சின்னனிலை சாப்பிடாத பிள்ளையாம். நீங்கள் என்னவோ பணிஸ் சுட்டுக் குடுத்துத்தான் சாப்பிடப் பண்ணினீங்கள் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அதை எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

"அதிலை எழுத ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன்.

"ஏனக்கா, சொல்ல விருப்பமில்லையே?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இந்தக் கேள்வியை நான் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறேன். பிறந்தநாள் வீடு, ஞானஸ்நானம், செத்தவீடு, எங்கே போனாலும் ஒரு தாய் மெல்லப் பக்கத்தில் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தப் பணிஸ்..." என்று தொடங்குவாள். அந்தப் பன்ரொட்டிக்கு எத்தனை சுண்டு மா, எவ்வளவு மாஜரின், எத்தனை முட்டை என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் போய்ச் சுடுவார்கள். பிள்ளை தின்னாது. உடனே, நான் ஏதோ ஒரு சாமானை வேண்டுமென்றே மறைத்துவிட்டேன் என்று கதை பரவும். ஒருத்தி என் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டாள்.

நமது பங்குக் கோவில் இதழுக்கு லண்டன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்படி ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். பனியையும் மாளிகைகளையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பனியைப் பற்றிச் சொல்ல, அது வழுக்கும் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆகவே இந்தப் பணிஸ் விவகாரத்தையே எழுதுகிறேன். ஊர்காவற்றுறையில் இருந்து வாசிப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். இங்கே இருப்பவர்களுக்குத்தான் விளங்கப்படுத்த ஏலாமல் இருக்கிறது.

2

நானும் இவரும் ஊர்காவற்றுறையில் கடல் தொழில் செய்கிற குடும்பங்களில் பிறந்தவர்கள். இவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரை. பெயரைச் சொல்லி எழுதினால் ஊரில் என் பெரியக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். இவர் படித்து அரசாங்க எழுதுவினைஞரானவர். சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் உத்தியோகம் உருப்படும் என்று வந்தபோது, எழுதமாட்டேன் என்று முரண்டு பிடித்து நின்றார். நின்று நின்று அலுத்துக் கடைசியில் லண்டனுக்கு வெளிக்கிட்டார். இங்கே புகையிரதப் பகுதியில் வேலை கிடைத்தது. பிறகு நான், நடக்கப் பழகியிருந்த மகள் ரோசியோடு வந்து சேர்ந்தேன்.

ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை. சமைக்கிற குசினி பொது. கீழே யமேக்காவில் இருந்து வந்த குளோரியாவும் அவளுடைய இரண்டு பையன்களும். பக்கத்து அறையில் ஒரு ஐரிஷ் குடும்பம், அவர்களுக்கு ஒரு பெண். குசினியில் காஸ் அடுப்பும் அதோடு சேர்ந்த, கேக் வேகவைக்கிற ஒரு போறணையும் இருந்தன. சுவரில் இருக்கிற பெட்டிக்குள் காசு போட்டால்தான் காஸ் வரும். காசு தீர்ந்தால், கேக் பாதியில் நின்றாலும் அதற்குக் கவலையில்லை.

ரோசி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சனியனும் தொடங்கியது. வீட்டில் நான் சோற்றைப் பிசைந்து ஊட்டினால், இழுத்து இழுத்து என்றாலும் சாப்பிடுவாள். பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன கேக் கொடுப்பார்கள், கடதாசிக் கிண்ணத்துக்குள் சுட்டது. அதை மட்டும் தின்றுவிட்டு மற்றதெல்லாம் அப்படியே. அவித்த கிழங்கையும் அவித்த முட்டைக்கோவாவையும் அவள் தொடவில்லை என்பதற்காக நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை எங்கள் பக்கத்து உடம்பு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மெல்லிய எலும்பு, தோள்மூட்டு துருத்திக்கொண்டு நிற்கும். வெள்ளைக்காரர்கள் அதைக் கண்டு பயந்துவிட்டார்கள்.

ஒரு நாள் கடிதம் வந்தது. பிள்ளையை நகரசபையின் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். போனோம். வாங்குகளில் வரிசையாகத் தாய்மாரும் பிள்ளைகளும். "மிஸ் சூசைப்பிள்ளை!" என்று உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். சூசைப்பிள்ளை என் மாமனார், இவருடைய தகப்பன். ஊரில் அவர் வள்ளத்தில் வலை இழுத்துக்கொண்டிருக்க, இங்கே அவருடைய பெயருக்கு ஆறு வயதுப் பெண்பிள்ளை எழும்பிப் போகிறாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரைத்தான் முன்னுக்கு வைக்கிறது என்று இவர் எத்தனையோ கந்தோரில் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளே ஒரு தாதி இருந்தா. நல்ல மனுசி. பிள்ளையை நிறுத்துப் பார்த்தா. பிறகு என்னிடம், "பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறாள் இல்லை என்கிறார்கள். வீட்டில் எப்படி? வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறாளா?" என்று கேட்டா.

கேள்வி எனக்கு நல்லாய் விளங்கியது. நான் கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்தவள். நல்ல சுத்தமான ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்: "இல்லை. ஒன்றுமே சாப்பிடுவதில்லை. வாயில் எதையும் வைப்பதில்லை."

தாதி எழுதினா. நிறைய எழுதினா.

3

இப்போது ஊரில் வாசிக்கிறவர்கள் தலையில் கை வைத்திருப்பீர்கள். லண்டனில் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஊர்காவற்றுறையில் கிளினிக் நாளன்று மிசி, அதாவது எங்கள் ஊர்த் தாதி, ஒவ்வொரு தாயிடமும் இதே கேள்வியைக் கேட்பா. பெரியக்காவுடைய நடுவில் மகன் அப்போது நல்ல கொழுகொழு என்று இருந்தான். அவனை இடுப்பில் வைத்திருக்க அக்காவுக்கு மூச்சு வாங்கும். மிசி, "பிள்ளை வடிவாச் சாப்பிடுறானோ?" என்று கேட்டா.

"எங்கை மிசி, ஒண்டும் தின்னுறானில்லை. தண்ணியிலைதான் சீவிக்கிறான்" என்றாள் அக்கா.

மிசி சிரித்துக்கொண்டு அவனுடைய தொடையைக் கிள்ளினா. "பிள்ளை சுகம்" என்று எழுதினா. மிசியும் எங்கள் ஊர்க்காரிதானே. தன் பிள்ளை நல்லாய்ச் சாப்பிடுகிறது என்று நாலு பேர் கேட்க ஒரு தாய் சொல்லுவாளா? சொன்னால் நாவூறு பட்டு, பிள்ளை அன்றிரவே காய்ச்சலில் கிடக்கும். சுவாமியார் பிரசங்கத்தில் எத்தனை தரம் கண்டித்தாலும், பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கிற தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருத்தியின் பிள்ளையும் ஒன்றும் சாப்பிடாது.

லண்டன் தாதிக்கு நான் அப்படிச் சொன்னதை ஒரு பிழையாக ஒத்துக்கொள்ளமாட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. தும்மினால் சேசுவே என்று சொல்கிறோம் அல்லவா, அது மாதிரி.

இரண்டு கிழமை கழித்து நகரசபையில் இருந்து கடிதம் வந்தது. பிள்ளைக்குப் போதிய போஷாக்கு இல்லை. ஒரு மாதத்தில் மறுபடி நிறுக்கப்படும். எடை கூடாவிட்டால், கடற்கரைப் பட்டினம் ஒன்றில் உள்ள சிறுவர் இல்லத்தில் பிள்ளையை மூன்று மாதம் வரும் ஒரு பள்ளித் தவணைக்கு வைத்துத் தேற்றும்படி சிபாரிசு செய்யப்படும். கடற்காற்று மெலிந்த பிள்ளைகளுக்கு நல்லது என்று வேறு எழுதியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாய்க் கடற்காற்றில் காய்ந்த குடும்பத்துக்கு அந்தப் புத்திமதி!

இவர் வேலையால் வந்து வாசித்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அந்த மனுசிக்கு நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சாப்பிடுறாளில்லை எண்டு சொன்னனான்."

"நேற்று இரவும் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டவள் எல்லே! உமக்கென்ன விசரே? உள்ளதைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"உள்ளதைச் சொல்லிக் கண்பட்டால் ஆர் பொறுப்பு? உங்கடை கொம்மாவும் உங்களைப் பற்றி அப்பிடித்தான் சொன்னவ."

இவர் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டுக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அடுத்த நாள் நகரசபைக் கந்தோருக்குப் போய், வீட்டில் பிள்ளை சாப்பிடுகிறது என்று விளக்கிச் சொன்னார். தாய் சொன்னதாகத்தான் தங்களிடம் பதிவாகியிருக்கிறது என்றார்களாம். தகப்பன் பகலில் வேலைக்குப் போகிறவர், அவருக்கு என்ன தெரியும் என்ற மாதிரிப் பார்த்தார்களாம்.

ஒரு தவணை. என்னை விட்டு ஒரு இரவும் படுத்தறியாத பிள்ளை. அங்கே போய் அவித்த கிழங்கைத் தின்னாமல் இன்னும் மெலிந்தால், இன்னொரு தவணை என்பார்கள்.

4

ரோசி விரும்பித் தின்பது கேக் ஒன்றுதான். சரி, கேக் சுடுவோம் என்று இறங்கினேன்.

ஊரில் கேக் சுடுவது கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மட்டும். எங்கள் வீட்டில் போறணை கிடையாது. ரவையும் சீனியும் பட்டரும் வாங்கி, முட்டையை வீட்டில் உள்ள அத்தனை பேரும் கை மாறி மாறி அடித்து, தட்டில் ஊற்றி, துணியால் மூடி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். பாண் இறக்கிய பிறகு, சூடு தணிந்து வரும் போறணைக்குள் ஊரார் கேக் எல்லாம் ஒன்றாய் வேகும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எங்களுக்கு ஒரே ஒரு வேலைதான், பிள்ளைகளிடமிருந்து கேக்கைக் காப்பாற்றுவது. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை அம்மா இடுப்பில் செருகியிருப்பா. அப்படி வளர்ந்த நான், தின்னச் சொல்லிக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் பின்னால் படியேறி இறங்கித் திரிந்தேன்.

பள்ளிக்கூடத்துக் கேக்கின் பக்குவத்தைக் குளோரியா சொல்லித் தந்தாள். கடதாசிக் கிண்ணமும் வாங்கினேன். ஆனால் வெறும் மாவும் சீனியும் தின்று எந்தப் பிள்ளைக்கு உடம்பு வைக்கும்? ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பெலத்துக்கு உளுத்தம்மா கொடுப்போம். வறுத்த உளுத்தம்மாவில் இரண்டு கரண்டி சேர்த்தேன். அழகாய் எழும்பி வந்தது. ரோசி ஒன்றை எடுத்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், வைத்துவிட்டாள்.

ஆங்கிலத்தில் சொன்னாள்: "இது எங்கள் வீடு மாதிரி மணக்கிறது."

அந்த வசனத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வீடு மணக்கக்கூடாது என்று அவளுக்கு எப்போது தெரிந்தது? ஆர் சொல்லிக் கொடுத்தார்கள்? அன்று முழுக்க நான் அவளோடு கதைக்கவில்லை. அது அவளுக்குப் பெரிய நட்டமாகவும் தெரியவில்லை.

அடுத்த முறை உளுந்தை விட்டுவிட்டேன். பாதி வேகும்போது காஸ் நின்றுவிட்டது. நான் சில்லறை தேடி ஓடிவந்து போடுவதற்குள் கேக் எல்லாம் நடுவில் குழி விழுந்து படுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கேக் மேடாய் இருக்கும், இது பள்ளமாய் இருக்கிறது என்று ரோசி விரலால் குத்திக் காட்டினாள். முந்திரிகை வற்றல் என்கிற உலர்ந்த திராட்சை போட்டுச் சுட்டேன். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வரிசையாய் வைத்தாள். வாழைப்பழம் மசித்துப் போட்டேன். நிறம் பிடிக்கவில்லை. மேலே ரோசா நிறத்தில் சீனி பூசினேன். பூச்சை நக்கிவிட்டுக் கேக்கைத் திருப்பித் தந்தாள்.

"அம்மா, நான் பசி இல்லை" என்பாள். அவளுடைய தமிழும் அப்போதே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பசி இல்லை என்று சொல்லு என்று திருத்துவேன். திருத்தியபடி சொல்லுவாள். ஆனால் தின்னமாட்டாள்.

மிஞ்சிய கேக் முழுவதையும் இவர் தின்றார். வேலைக்குக் கட்டிக்கொண்டும் போனார். நிறுப்பதற்கு இவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் நகரசபைக்குச் சந்தோஷமாய் இருந்திருக்கும்.

இதிலே கொடுமை என்னவென்றால், முந்தி என் கையால் வாங்கிய சோற்றையும் இப்போது வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். தாயும் தகப்பனும் பள்ளிக்கூடமும் நகரசபையும் சேர்ந்து ஒரு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாய் எப்படித் திறக்கும்? தன்னுடைய வகுப்புப் பிள்ளைகளிடம், நான் ஒன்றும் சாப்பிடாத பிள்ளை என்று அவள் பெருமையாய்ச் சொன்னதாக ஆசிரியை சொன்னா. அந்த வாரம் எனக்கு வந்த கோபத்துக்கு, குசினியில் இருந்த தட்டெல்லாம் உடைந்திருக்க வேண்டும். தட்டு வாடகைக்கு வீடு தந்தவருடையது என்பதால் விட்டேன்.

ஊரில் அப்போது மாவுக்குத் தட்டுப்பாடு. பெரியக்காவின் பிள்ளைகள் விடிய முதல் பாணுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று ஊரால் வந்தவர்கள் சொன்னார்கள். பாண் கிடைக்காத நாளில் காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாப் புட்டுத்தானாம். அதைக் கேட்ட அன்று நான் குப்பைத் தொட்டியில் ஒரு கேக்கையும் போடவில்லை. காய்ந்து போனதையும் நானே தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றேன்.

5

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை, போனால் போகட்டும் என்று கேக்கைக் கைவிட்டு மீன் பணிஸ் சுட்டேன். டின்மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மிளகும் போட்டுப் பிரட்டி, புளித்த மாவுக்குள் வைத்து, மேலே முட்டை பூசிச் சுட்டேன். வீடு முழுக்க மணம். ரோசி அறை வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடல்காரன் பேத்தி, மீன் மணத்துக்கு மூக்கைப் பொத்துகிறாள்!

தட்டைக் கொண்டுபோய்க் குசினித் தரையில் வைத்துவிட்டு நானும் தரையில் குந்திவிட்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாய் இருக்கிறது. ஆனால் அழுதேன்.

அந்த நேரம் பார்த்துக் குளோரியாவின் பையன்கள் இரண்டு பேரும் மணம் பிடித்து மேலே வந்துவிட்டார்கள். மூத்தவன் வின்ஸ்டன். அவர்களுக்குப் பின்னால் அந்த ஐரிஷ் பெண்பிள்ளை. என்ன அது, எங்களுக்கும் தருவீர்களா என்று வாசலில் நின்று கேட்டார்கள். இருங்கோ என்று தமிழில் சொல்லிக் கையைக் காட்டினேன். மூன்றும் வந்து என்னைச் சுற்றித் தரையில் இருந்தன.

பணிஸ் கொதித்தது. முழுசாய்க் கொடுத்தால் கை சுடும் என்று ஒன்றைப் பிய்த்து, ஊதி, உள்ளே இருந்த பிரட்டலையும் சேர்த்து ஒரு பிடி பிடித்து, முதல் நீட்டிய கையில் வைத்தேன். பிறகு அடுத்த கை. பிறகு அடுத்தது. என் கை தானாகவே குழையல் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஊரில் பகல் சோறு மிஞ்சினால், மிஞ்சிய கறியெல்லாம் ஒரே சட்டியில் போட்டுப் பெரியக்கா குழைப்பாள். பிள்ளைகள் சுற்றிவர இருந்து கையை நீட்டும். அவளுடைய ஆறும், அயல்வீட்டுப் பிள்ளைகளும், சில வேளை நானும். ஒரு உருண்டை இந்தக் கைக்கு, அடுத்தது அடுத்த கைக்கு. வாயில் உள்ளதை விழுங்காவிட்டால் உன்னுடைய முறை போய்விடும். சாப்பிடு என்று ஆரும் ஆரையும் கேட்பதில்லை. எந்தப் பிள்ளை எவ்வளவு தின்றது என்று அக்கா பார்ப்பதும் இல்லை, பார்க்கவும் கூடாது. அவள் சட்டியைத்தான் பார்ப்பாள்.

நானும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றில் என் முன்னால் நாலாவதாய் ஒரு கை நீண்டது. மெலிந்த கை. அதில் வைத்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த கைக்குப் போனேன்.

மூன்றாவது சுற்றோ நாலாவதோ, வின்ஸ்டன் இரண்டு கையையும் நீட்டினான்.

"அம்மா, அவன் ரண்டு கையும் நீட்டுறான்! ஒரு கைதான் நீட்டலாம் எண்டு சொல்லுங்கோ!" என்று ரோசி கத்தினாள். ஒரு பிழையும் இல்லாத தமிழ். வாய் நிறையப் பணிஸ்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் குசினித் தரையில் இதே கூட்டம்தான். குளோரியா தேங்காய்ப்பூ போட்டு ஒரு கேக் சுட்டுக் கொண்டுவந்து அவளும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். அதிலே ரோசிக்குப் பிடிக்காத முந்திரிகை வற்றல் இருந்தது. ஒருவரும் பொறுக்கவில்லை, பொறுக்க நேரமில்லை. மெல்ல மெல்ல நான் சோற்றுக் குழையலுக்கும் வந்துவிட்டேன். உறைப்பைக் குறைத்துக் கொடுத்தேன். மூன்று நாட்டுப் பிள்ளைகளும் பருப்பும் கத்தரிக்காயும் தின்றன.

இவருக்கு வாயெல்லாம் பல். எனக்கு அவ்வளவு சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஒரு மாதமாக நான் அளந்த மாவும், அடித்த முட்டையும், உருகிய உருக்கமும் ஒரு சதத்துக்கும் உதவவில்லை. அம்மா சுட்டது என்பதற்காகப் பிள்ளை தின்னவில்லை. வின்ஸ்டன் தின்றுவிடுவானே என்றுதான் தின்றாள். எந்தத் தாய்க்கு இதைச் சொல்லிப் பெருமைப்பட முடியும்?

வதனிக்கு இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அக்கா, நாங்கள் பிளற்றிலை ஒன்பதாம் மாடியிலை இருக்கிறம். பக்கத்திலை ஆர் இருக்கினம் எண்டே எனக்குத் தெரியாது. இவன் ஒராள்தானே, நான் ஆரைக் கூப்பிட்டு இருத்துறது?" என்று கேட்டாள்.

மாவின் அளவைச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். இப்போது நாங்களும் தனிவீட்டில்தான் இருக்கிறோம். குளோரியா குடும்பத்துக்கு நகரசபை எங்கேயோ தூரத்தில் வீடு கொடுத்துவிட்டது. ரோசிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தால் வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து நின்ற நிலையிலேயே எதையாவது தின்றுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். என்ன தின்றாள் என்று எனக்குத் தெரியாது.

6

மறுபடி நிறுக்கும் நாளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முடியாது.

இவர் லீவு போட்டுவிட்டு வந்தார். திரும்பவும் மாமனாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பவும் ரோசி எழும்பினாள். அதே தாதி. தராசில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, பழைய கணக்கையும் பார்த்தா. உதட்டைப் பிதுக்கினா. கூடியிருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான் என்றா. இது போதுமா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். கடற்கரை இல்லத்தில் இடம் ஒன்று காலியாய் இருக்கிறதாம்.

பிறகு குனிந்து, என்னைக் கேட்காமல் ரோசியைக் கேட்டா. "நீ சொல்லு கண்ணே. வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறாயா?"

ரோசி கையிரண்டையும் மடியில் வைத்தாள். தலையை ஒரு பக்கம் சரித்தாள். ஒரு பெருமூச்சும் விட்டாள்.

"இல்லை" என்றாள். "நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை. வாயில் எதையும் வைப்பதில்லை."

அதே சொல். அதே இராகம். என்னுடைய இராகம், பெரியக்காவுடைய இராகம். எங்கள் மொழி போய்க்கொண்டிருக்கிறது, எங்கள் மணம் வேண்டாம், எங்கள் மீன் வேண்டாம் என்ற பிள்ளை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை ஒன்றை மட்டும் அச்சொட்டாய்ப் பிடித்து வைத்திருந்தாள். இப்படி ஒரு இடத்தில் ஒரு பெரிய மனுசி கேட்டால் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆரிடம் கண்டாள், என்னிடம்தானே.

தாதி பேனையை எடுத்தா. இவர் என்னைப் பார்த்தார்.

எனக்கு நாக்கு எழும்பவில்லை. என் பிள்ளை நல்லாய்ச் சாப்பிடுகிறது என்று நான் பிறந்த நாளில் இருந்து ஒரு தாய் வாயாலும் கேட்டதில்லை. சேசுவே, இதுக்கு வருகிறது என் தலையில் வரட்டும், பிள்ளைக்கு ஒன்றும் வரவேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அவள் சொல்வது பொய்" என்றேன். "நான் முந்திச் சொன்னதும் பொய். இவள் நன்றாகச் சாப்பிடுவாள். நேற்றுச் சோறு தின்றாள், பருப்புத் தின்றாள், மீன் தின்றாள். அதற்குப் பிறகு பணிஸ் தின்றாள். வாங்கித் தின்றது காணாமல் வின்ஸ்டனுடையதைப் பறித்தும் தின்றாள்."

சொல்லச் சொல்ல என் பிள்ளையை நடுத்தெருவில் உடுப்பில்லாமல் நிறுத்தியது மாதிரி இருந்தது. தாதியின் நீலக் கண் இரண்டும் விரிந்து ரோசியையே பார்த்தன. அந்தப் பார்வைக்குக் குறுக்கே போய் நிற்கவேண்டும் போல் இருந்தது.

"அப்படியானால் அன்றைக்கு ஏன் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சொன்னீர்கள்?"

"எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

தாதி ரோசியிடம், "அம்மா சொல்வது உண்மையா?" என்று கேட்டா. ரோசி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "ஓம்" என்றாள் ரோசி, தமிழிலேயே. தாதிக்கு அது விளங்கிவிட்டது. பேனையை மூடி வைத்தா. கோடையில் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள், இப்போதைக்கு இல்லம் தேவையில்லை என்றா.

வெளியே வந்தோம். இவர் வேகமாய் முன்னால் நடந்தார், கண்ணைத் துடைப்பதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று. ரோசி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேருந்து நிற்கும் இடத்துக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டாள்.

"அம்மா, நான் நல்லாச் சாப்பிடுற பிள்ளையோ?"

சுற்றிவர ஆட்கள். முன்னும் பின்னும் பார்த்தேன். பழக்கம், வேறென்ன.

"ஓம்" என்றேன். "நல்லாச் சாப்பிடுற பிள்ளை. என்ரை வடிவான பிள்ளை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். பேருந்துக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரத்துச் சொன்னேன்.